முதலாம் கைதியின் கதிரை

புதன்கிழமைகளில் நாங்கள் கூடும் மண்டபத்தில் நீங்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறீர்கள். வந்தோம், குனிந்த தலை நிமிராமல் படித்தோம், யாருக்கும் கரைச்சல் கொடுக்கவில்லை, அதனால்தான் முன்னுக்கு வந்தோம். பேரப்பிள்ளைகளுக்கும் அதையே ஓதுகிறீர்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என்னோடு ஒத்த வயதுக்காரர் நீங்கள், எழுபதுகளில் விமானத்தில் வந்து இறங்கிய அதே பிள்ளைகள். உங்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாதா? நான் கரைச்சல் கொடுத்தவள். அதைப்பற்றி எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் கிடையாது. அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். பிடிக்காதவர்கள் தேத்தண்ணி குடிக்க எழுந்து போகலாம்.

எழுபத்தாறாம் ஆண்டு, குளிர்காலம். எனக்குப் பதினொரு வயது. மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் ஸ்டேசனுக்குப் பின்னால், எட்டு வீடுகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடத்தில் கீழ்வீடு எங்களுடையது. குசினியில் அம்மா மிளகாய் வறுத்தால் எட்டு வீட்டாரும் தும்முவார்கள். குளிருக்கு ஒரே ஒரு மின் ஹீற்றர். அதன் இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் சிவக்கும், மற்றது செத்துப்போனது. பள்ளிக்கூடம் போகுமுன் காலுறைகளை அதன் முன்னால் பிடித்துச் சூடாக்கிப் போட்டுக்கொள்வேன். கம்பளி கருகுகிற அந்த மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. விடியும் முன்பே வாசலில் பால்போத்தல் வைத்துவிட்டுப் போவார்கள், வாயில் வெள்ளித்தாள் மூடி. அந்த மூடிகளை நகத்தால் நீவி ஒரு பிஸ்கற் டின் நிறையச் சேர்த்திருந்தேன். எந்த வீடு மாறும்போது அது தொலைந்தது என்று தெரியவில்லை.

அப்பா கொழும்பில் எஞ்சினியராக இருந்தவர். இங்கே இன்னொருவன் கீறிய வரைபடத்தைத் திரும்பக் கீறும் வேலை. குடியுரிமைப் பேப்பருக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அது வரும்வரை வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்.

“மூச்சுக் காட்டாதேங்கோ. ஆரும் எங்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது” என்பார்.

எங்களுக்கு நேர் மேல்வீட்டில் ஒரு நேர்ஸ் தனியாக இருந்தா. ஜமேய்க்காவில் பிறந்து, லண்டனில் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவ. உயரம், நல்ல கறுப்பு, சிரித்தால் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். அவவை அம்மா ‘காப்பிலிப் பொம்பிளை’ என்றுதான் சொல்லுவா. ஓம், கறுப்பு ஆட்களை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லைத்தான் சொன்னா. நான் மூடி மறைக்கப் போவதில்லை, உங்கள் வீடுகளிலும் அதே சொல்தான் இருந்தது. அதற்கு முந்தின கோடையில் மேற்கிந்தியத் தீவுகளின் அணி கிரிக்கெட் விளையாட வந்திருந்தது. அவர்களுடைய பந்துவீச்சாளன் தொலைக்காட்சியில் ஓடி வரும்போது அப்பா கதிரை நுனிக்கு வந்து “எங்கட பெடியன், போடு” என்பார். அதே தீவுகளிலிருந்து வந்த மேல்வீட்டுக்காரிக்குப் படிக்கட்டில் ஒரு ‘குட் மோர்னிங்’ கிடையாது. வெள்ளைக்காரர் எங்களையும் அவவையும் ஒரே கண்ணால் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் பார்த்தார்கள் என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியாது.

பின்முற்றத்தில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு உடுப்புக் கொடி இருந்தது. ஒவ்வொரு வீடும் முறைவைத்து உடுப்புக் காயப்போடும். சனிக்கிழமை, நேர்ஸுக்கு அடுத்த முறை எங்களுடையது. அம்மா ஒரு ஈரத்துணியோடு வந்து கொடிக் கம்பி முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் எங்கள் உடுப்பைப் போடுவா. குருவி எச்சம் என்று எனக்குக் காரணம் சொன்னா. நானும் நம்பினேன்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பு ஆசிரியர் இளம் ஆள், தாடி வைத்தவர், கித்தார் வாசிப்பார், குளிரிலும் செருப்புத்தான் போடுவார். நல்ல மனிதர். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நல்லவர், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அவர் அந்தத் தவணை ஒரு நாடகம் போட்டார். பல்லாரற் தங்கவயலில் நடந்த கலகக் கதை, இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்தது. தங்கம் தோண்டியவர்கள் அநியாய வரிக்கு எதிராக எழும்பி மரத்தால் ஒரு அரண் கட்டுகிறார்கள். ஒரு ஞாயிறு விடிய முன் படை வந்து அடிக்கிறது. பிடிபட்டவர்களில் பதின்மூன்று பேரை ராஜத்துரோகம் என்று மெல்பேர்ன் நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். பதின்மூன்று பேரும் விடுதலை. முதலில் விசாரிக்கப்பட்டவர் வெளியே வந்தபோது ஆயிரக்கணக்கான சனம் அவரை ஒரு கதிரையில் இருத்தித் தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போனது. எங்கள் நாடகத்தின் முடிவும் அதுதான். ஆசிரியருடைய கதிரையில் கூட்டுகிற இரண்டு தும்புத்தடிகளைக் கட்டி, நான்கு பையன்கள் தூக்கி, மேடையிலிருந்து இறங்கி மண்டபத்தைச் சுற்றி வரவேண்டும்.

யார் யாருக்கு என்ன வேடம் என்று ஆசிரியர் தொப்பிக்குள் சீட்டுப் போட்டார். ஓரவஞ்சனை இருக்கக்கூடாதாம். நான் எடுத்த சீட்டில் ‘முதலாம் கைதி’ என்று இருந்தது.

எனக்கு அந்தக் கதிரை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. திருவிழாவில் சுவாமி வெளிவீதி சுற்றுகிற மாதிரி நான் சுற்றப்போகிறேன். வகுப்பில் என்னை ஒருவரும் விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை. என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் இரண்டு வாங்கு தள்ளிப் போவார்கள். அந்த நான்கு பேர் என்னைத் தூக்கவேண்டும். வேறு எதையும் நான் அந்த வருடம் ஆசைப்படவில்லை.

இடைவேளையில் ஆசிரியர் என் உயரத்துக்குக் குந்தி இருந்தார். குரல் தேன் மாதிரி. “சரித்திரத்துக்கு நாங்கள் உண்மையாக இருக்கவேண்டும் இல்லையா? அந்தக் காலத்தில் அங்கே கறுப்பு ஆட்கள் இருக்கவில்லை. பார்க்கிறவர்கள் குழம்பிப்போவார்கள்” என்றார். என் சீட்டு இறைச்சிக்கடைக்காரரின் மகனுக்குப் போனது. எனக்குக் கூட்டத்தில் நிற்கும் வேடம்.

வீட்டில் சொன்னேன். அப்பா பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“விடு பிள்ளை. கூட்டத்தில நிண்டா என்ன குறைஞ்சு போகும்?”

“சீட்டு எனக்குத்தான் விழுந்தது, அப்பா.”

“குடியுரிமைப் பேப்பர் வரட்டும். பிறகு சீட்டைப் பற்றிக் கதைப்பம்.”

அந்தச் சனிக்கிழமை கொடியடியில் நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும். நேர்ஸ் தன் வெள்ளைச் சீருடைகளை எடுத்துக்கொண்டிருந்தவ, என்ன என்று கேட்டா. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கூடையோடும் ஈரத்துணியோடும் வந்தா.

“அவவோட என்ன கதை உனக்கு? உள்ளுக்குப் போ.”

அது விளங்க நேர்ஸுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அவ பேசியது ஆங்கிலம், தீவுக்காரரின் இழுவையோடு. என் நினைவில் அது எங்கள் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

“நீங்கள் எனக்குப் பிறகு மட்டும்தான் கம்பியைத் துடைக்கிறீங்கள்” என்றா. “முறை மாறி உங்களுக்கு முந்தி கிரேக்கப் பொம்பிளை போட்ட அண்டைக்குத் துடைக்கேல்லை. நான் ஒண்டரை வருசமாப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

அம்மா கையில் துணியோடு நின்றா. எனக்கு முகம் எரிந்தது. குருவி எச்சம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“துடையுங்கோ. கொடி உங்களுக்கும் சொந்தம்தானே. ஆனா உங்கட பிள்ளையை மேடையில இருந்து துடைச்சுப் போட்டாங்கள். அதுக்கு என்ன செய்யப் போறீங்கள்?”

அம்மா தெரிந்த ஆங்கிலத்தில், “ரீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஹிஸ்ரி” என்றா.

“அந்த ஹிஸ்ரி எனக்கும் தெரியும். நில்லுங்கோ.”

மேலே போய் ஒரு நீலக் கொப்பியோடு இறங்கி வந்தா. ஒரு ஊருக்குப் போனால் லீவு நாட்களில் அந்த ஊரின் பெரிய நூலகத்தில் போய் இருந்து, அங்கே தன்னுடைய சனத்தில் யார் யார் முன்னர் வந்து வாழ்ந்து செத்தார்கள் என்று தேடுவது அவவின் பழக்கமாம். லண்டனிலும் அப்படித்தானாம். “நான்தான் முதல் வந்தவள் எண்டு நினைச்சா ஒருத்தரும் மதிக்கமாட்டாங்கள்” என்றா. கொப்பியில் அந்தப் பதின்மூன்று கைதிகளின் பெயர்களையும் பழைய பத்திரிகைகளிலிருந்து எழுதி வைத்திருந்தா. ஒருவர் ஜமேய்க்காக்காரர், அவவின் தீவு ஆள். முதலாம் கைதி அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பர். பிடிபட்ட மற்ற அமெரிக்கர்களை அவர்களுடைய அரசாங்கத்தின் ஆள் வந்து கதைத்து எடுத்துவிட்டாராம், இவரை மட்டும் விட்டுவிட்டாராம். கறுப்பன்தானே, ஜூரிமார் லேசில் குற்றவாளி என்று சொல்லிவிடுவார்கள் என்ற கணக்கில்தான் அவரை முதலில் நிறுத்தினார்கள் என்று அவ சொன்னா. ஜூரிமார் அரைமணி நேரத்தில் விடுதலை சொன்னார்கள். நீதிமன்றத்துக்குள் ஆரவாரம் செய்த இரண்டு பேரை நீதிபதி சிறைக்கு அனுப்பினார். வெளியே சனம் கதிரையைத் தூக்கியது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் தந்துவிட்டு மேலே போய்விட்டா. அம்மா அன்றைக்கும் கம்பியைத் துடைத்துவிட்டுத்தான் உடுப்புப் போட்டா. நான் பொய் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தேன். வாசித்தார், திரும்ப வாசித்தார், காது சிவந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, தானும் போய்த் தேடிப் பார்த்ததாகச் சொல்லி, வகுப்பின் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தி, இவள் சொன்னது முழுவதும் உண்மை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கதிரை எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் டின்னை எடுத்து வைத்தார். இறைச்சிக்கடைக்காரரின் மகனுக்கு முகத்திலும் கையிலும் பூசுவதாம். அவன் வசனம் பாடமாக்கிவிட்டானாம். நான் பெண்பிள்ளையாம், அதோடு இந்தியப் பக்கத்து ஆளாம், ஆபிரிக்கர் இல்லையாம், சரித்திரத்துக்கு உண்மையாக இருக்கவேண்டுமாம். நிகழ்ச்சித் தாளின் கடைசியில் என் பெயரைப் போட்டு நன்றி சொல்வதாகச் சொன்னார். முகம் முழுக்கச் சந்தோசம் அவருக்கு.

 அந்த வெள்ளைப் பையன் முகத்தில் டின்னால் எடுத்துப் பூசுகிற நிறம் என் முகத்தில் சும்மா கிடந்தது, அவருக்கு அது கண்ணில் படவேயில்லை. படிக்கட்டில் நேர்ஸிடம் சொன்னேன்.  அவ, “எந்த நாள், எத்தனை மணி?” என்று மட்டும் கேட்டா.

நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு. மேடை என்றால் அம்மாவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், பவுடர். நல்லூர்க் கந்தன் கொடியேற்றத்துக்குப் பூசுவதுபோல மூன்று தரம் அப்பிவிட்டா. “கொஞ்சம் வெளிச்சமாத் தெரியட்டும்” என்றா. திரைக்குப் பின்னால் கண்ணாடியில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தோம், கறுப்புப் பூசின வெள்ளைப் பையனும் வெள்ளை பூசின நானும். அவனுக்குக் கண்ணில் தண்ணீர். “எரியுது, கழுவ விடமாட்டேன் எண்டுறார்” என்றான். பாவம், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

திரை விலகியபோது சபையைப் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் அம்மாவும் அப்பாவும். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் நேர்ஸ், வேலை முடிந்த சீருடையோடு. பையன் மேடைக்கு வந்ததும் சபை சிரித்தது. பொல்லாத சிரிப்பு இல்லை, குதூகலமான சிரிப்பு. ஒரு தகப்பன் விசிலடித்தார். நேர்ஸ் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தா. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்க அவ ஒருத்தி மட்டும் இருந்த இருப்பை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அம்மா சிரிக்கிற சனத்தையும் நேர்ஸையும் மாறி மாறிப் பார்த்தா.

நீதிபதி பேசினார், ஜூரி பேசினார், விடுதலை என்றார்கள். கூட்டமாகிய நாங்கள் ஆரவாரம் செய்தோம். ஆசிரியர் மேடைக்கு முதுகு காட்டி இருந்து கித்தாரைத் தொடங்கினார். நான்கு பேர் கதிரையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். கித்தார் கேட்டதும் தூக்குங்கோ என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்குமுன் நான் போய்க் கதிரையில் ஏறி இருந்துவிட்டேன்.

அதற்கு முதல் நாள் யோசித்துத் திட்டம் போட்டேன் என்று சொன்னால் எனக்குப் பெருமைதான். ஆனால் யோசிக்கவில்லை, கால் தானாகப் போனது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முன்னால் நின்ற கிரேக்கப் பையன் தோளை உலுப்பிவிட்டு “தூக்கு” என்றான். தூக்கினார்கள். படியால் இறங்கும்போது கதிரை சரிந்தது, விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சட்டைக் கையால் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தேன், கை வெள்ளையாகியது. கித்தார் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மூன்றாம் வரிசையடிக்கு வந்தபோது நேர்ஸ் எழுந்து நின்று கைதட்டினா. ஒருத்தி தட்டுகிற சத்தம்தான், ஆனால் நிறுத்தவில்லை. பின்னால் பார்த்தேன், இறைச்சிக்கடைக்காரரின் மகனும் கதிரைக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தான், பொலிஷ் வழிந்த முகத்தோடு. அவனும் தட்டினான்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். அப்பா கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், பின்னால் அம்மா. வழி முழுக்க, “ஸொறி எண்டு ஒரு சொல்லுத்தான் பிள்ளை. சொல்லிப்போட்டு வந்திடுவம்” என்றார்.  அந்தப் பேப்பரை நினைத்துத்தான் என்று இப்போது தெரிகிறது. அப்போது கோழைத்தனம் என்று நினைத்தேன்.

தலைமை ஆசிரியர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். நான் அந்தப் பையனிடமும் வகுப்பிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்.

“மாட்டேன்” என்றேன்.

அப்பா, “பிள்ளை” என்றார். 

அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத அம்மா முன்னுக்கு வந்தா. என் தாடையைப் பிடித்து முகத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினா. தனக்கு வந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, “இவளுக்குப் பூசத் தேவையில்லை. ஏன் அந்தப் பிள்ளைக்குப் பூசினீங்கள்?” என்று கேட்டா.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். தலைமை ஆசிரியர், மூன்று நாள் வீட்டில் நிற்கட்டும், மன்னிப்புக் கேட்காமல் வகுப்புக்கு வரமுடியாது என்று சொல்லிக் கதவைத் திறந்தார். அப்பா பழக்கதோசத்தில் “தாங்க் யூ சேர்” என்றார். வெளியே வந்ததும் அம்மா நின்றா.

“அவருக்கு எதுக்கு நன்றி சொன்னீங்கள்?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அந்த மூன்று நாளுக்குள் அப்பா மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தானே எழுதிக் குசினி மேசையில் வைத்தார், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்று. நான் போடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா அந்தக் கடிதத்தை எடுத்து, அதில் மிளகாய் காயவிட்டா.

நான்காம் நாள் அப்பாவை வேலைக்கு அனுப்பிவிட்டு அம்மா சேலை உடுத்து, அதன்மேல் குளிர் கோட்டைப் போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தா. பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியர் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் புருவத்தை உயர்த்தி, மன்னிப்புக் கேட்க வந்தீர்களா என்று கேட்டார். சுற்றிவரப் பிள்ளைகள், தாய்மார். அம்மா என்னை ஒரு அடி முன்னால் விட்டா.

“பிள்ளை வந்திருக்கிறா” என்றா. “ஸொறி இல்லை.”

அவர் நின்றார். அம்மாவும் நின்றா. மணி அடித்தது. அவர் ஒதுங்கினார், நான் வகுப்புக்குப் போனேன்.